எல் கிரனாடா வீட்டுக்கு அறை சேர்க்க: பக்கத்தில் எத்தனை அடி விட வேண்டும்?

ஈரக்காற்று (ஞாயிறு, இரவு 10:12)

எல்லோருக்கும் வணக்கம். கலிபோர்னியாவில் சான் மாட்டியோ கவுன்டியின் கடற்கரைப் பக்கம் வீடு வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. 1970களில் கட்டிய மாடி வீடு. மனை 50க்கு 100 அடி. அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடியிலிருந்து வந்தால் ஆறு மாதம் தங்குவார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. கீழே ஒரு படுக்கையறையும் குளியலறையும் சேர்க்கலாம் என்று திட்டம்.

வீட்டுக்கு இடது பக்கம் வேலி வரை ஐந்தடி, வலது பக்கம் பத்தடி சும்மா கிடக்கிறது. வந்து பார்த்த ஒப்பந்தக்காரர் வேலியிலிருந்து டேப் பிடித்து அளந்தார். "ஐந்தடி விட்டால் போதும், மீதி ஐந்தடியை உள்ளே இழுத்துக்கொள்ளலாம்" என்று ஒரு படமும் போட்டுக் கொடுத்தார். முன்பணமும் கொடுத்தாகிவிட்டது.

அப்புறம்தான் சந்தேகம் வந்தது. முகவரியில் ஹாஃப் மூன் பே என்று இருப்பதால் அந்த நகர விதிகளைப் படித்தேன், ஒப்பந்தக்காரர் சொன்னதோடு ஒத்துவரவில்லை. ஃபாஸ்டர் சிட்டி நண்பர் வேறு எண் சொல்கிறார். டேலி சிட்டியில் இருக்கும் மச்சான் வீட்டிலோ பக்கத்து வீட்டோடு சுவரோடு சுவர் ஒட்டியிருக்கிறது. ஒரே கவுன்டிக்குள் ஆளுக்கொரு கணக்கா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஃபாஸ்டர்_பையன் (ஞாயிறு, இரவு 10:40)

ப்ரோ, முன்பணம் கொடுத்த பிறகா கேட்பது! நான் சொன்ன எண்ணை மறந்துவிடுங்கள், அது எங்கள் ஊருக்கு. எங்கள் ஏரியாவில் நகர விதி போதாதென்று வீட்டு உரிமையாளர் சங்க விதியும் தனியாக உண்டு. வரைபலகை அண்ணா வரட்டும்.

வரைபலகை (திங்கள், காலை 6:55)

வந்துவிட்டேன். முப்பது வருடம் இந்தக் கவுன்டியில் வீட்டு வரைபடம் போட்டுப் பிழைத்தவன், இப்போது ஓய்வு.

தம்பி, முதலில் டேப்பைக் கீழே வையுங்கள். "எத்தனை அடி" என்பது மூன்றாவது கேள்வி. அதற்கு முன்னால் இரண்டு இருக்கிறது. மனை யாருடைய எல்லைக்குள் இருக்கிறது? எந்தக் கோட்டிலிருந்து அளப்பது?

சான் மாட்டியோ கவுன்டிக்குள் 20 நகரங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சொந்த மனை விதி. ஆதர்டனில் ஏக்கர் கணக்கில் மனை, அங்கே செட்பேக்கில், அதாவது எல்லையிலிருந்து கட்டாமல் விட வேண்டிய இடத்தில், மட்டுமே நம் வீடு ஒன்றைக் கட்டிவிடலாம். டேலி சிட்டியில் வரிசை வீடுகள், உங்கள் மச்சான் வீடு அந்த ரகம். கவுன்டி விதி செல்லுபடியாவது இந்த 20 நகரங்களுக்கும் வெளியே உள்ள இடங்களில் மட்டும்தான்: மொன்டாரா, மாஸ் பீச், எல் கிரனாடா, தெற்கே பெஸ்கடேரோ போன்றவை. தபால் முகவரியில் ஹாஃப் மூன் பே என்று வருவதால் வீடு அந்த நகரத்துக்குள் இருக்கிறது என்று ஆகாது. அது தபால்காரர் வசதிக்கு வைத்த பெயர். சொத்து வரி ரசீதில் உள்ள பார்சல் எண்ணை (மனைக்கு உரிய எண்) கவுன்டியின் இணைய வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். எந்த மண்டலம் என்று வரும். அதைச் சொல்லுங்கள், மேலே பேசலாம்.

ஈரக்காற்று (திங்கள், மதியம் 12:20)

பார்த்தேன் அண்ணா. நகரத்துக்குள் இல்லை, எல் கிரனாடா. ஆர்-1 என்று போட்டு, பக்கத்தில் எஸ்-17 என்று இருக்கிறது. அப்படியானால் இரண்டு வாரமாக வேறு ஊர்ச் சட்டத்தை உட்கார்ந்து படித்திருக்கிறேன்.

வரைபலகை (திங்கள், மாலை 5:30)

பரவாயில்லை, நீங்கள் முதல் ஆள் இல்லை.

ஆர்-1 என்றால் தனி வீடு. எஸ்-17 என்பதில்தான் அளவுகள். முன்னால் 20 அடி, பின்னால் 20 அடி, உயரம் 28 அடிக்கு மேல் கூடாது. பக்கவாட்டில்தான் சூட்சுமம். கட்டடம் 16 அடி உயரத்துக்குள் இருந்தால் பக்கத்துக்கு ஐந்தடி. 16ஐத் தாண்டினால் இரண்டு பக்கமும் சேர்த்து 15 அடி, எந்தப் பக்கமும் ஐந்துக்குக் குறையக் கூடாது. உங்கள் ஒப்பந்தக்காரர் முதல் பாதியை மட்டும் படித்திருக்கிறார்.

உங்களுடையது மாடி வீடு, 16ஐத் தாண்டியிருக்கும். இடது 5, வலது 10, கூட்டினால் 15. மனை 50 அடியில் வீடு 35 அடி, அளந்து வைத்தது போல வரம்பை ஒட்டி நிற்கிறது. பத்தடி சும்மா கிடக்கிறது என்றீர்களே, அது சும்மா கிடக்கவில்லை, மாடியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது வேலி. வேலி எல்லைக்கோடு இல்லை. யாரோ ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை குத்துமதிப்பாக நட்ட மரச்சட்டம். முன்பக்கமும் இதே கதைதான். தார் முடியும் இடத்திலோ நடைபாதை விளிம்பிலோ உங்கள் மனை ஆரம்பிக்காது. பொதுச்சாலைக்கு ஒதுக்கிய நிலம் பல இடங்களில் உங்கள் புல்தரைக்குள் பல அடி வந்திருக்கும். ஊரில் சர்வே கல் தேடுவோமே, இங்கே மனை மூலையில் மண்ணுக்குள் இரும்புக் குழாய் இருக்கும், தலையில் சர்வேயரின் உரிம எண் பொறித்த சிறு தகடு. உரிமம் பெற்ற சர்வேயரைக் கூப்பிடுங்கள். செலவுதான், ஆனால் அஸ்திவாரம் போட்ட பிறகு இடிப்பதைவிடக் குறைவு.

கேள்விக்குறி (திங்கள், இரவு 9:05)

எனக்கு இது சுத்தமாகப் புரியவில்லை. காசு கொடுத்து வாங்கிய இடம், வரி கட்டுகிறோம். அதில் 30 சதவீதத்தை வெறுமனே விடு என்று சொல்ல இவர்கள் யார்? அம்மாவுக்கு முழங்கால் வலி என்று எழுதிக் கொடுத்தால் விலக்கு தர மாட்டார்களா? நானும் மாஸ் பீச்சில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு காலி மனை பார்த்து வைத்திருக்கிறேன், அதனால்தான் கேட்கிறேன்.

வரைபலகை (செவ்வாய், காலை 7:10)

விலக்குக்கு வேரியன்ஸ் என்று பெயர். மாநிலச் சட்டம் அதற்கு ஒரே ஒரு வாசல்தான் வைத்திருக்கிறது. மனையின் அளவு, வடிவம், மேடுபள்ளம், இருக்கும் இடம், சுற்றுப்புறம் இவற்றில் ஏதோ ஒரு விசேஷம் இருந்து, அதனால் பக்கத்து மனைக்காரர்களுக்குக் கிடைக்கும் உரிமை உங்களுக்குக் கிடைக்காமல் போக வேண்டும். மனையின் கஷ்டம்தான் கணக்கு, மனிதரின் கஷ்டம் இல்லை. சதுர மனையை வைத்துக்கொண்டு முழங்காலைக் காட்டினால் நடக்காது. பாறை குறுக்கே போகிறது, மனை முக்கோணம் என்றால் பேசலாம்.

ஏன் இத்தனை அடி என்று கேட்டால் எங்கள் கடற்கரையில் அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1905 வாக்கில் ஓஷன் ஷோர் ரயில்வே என்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சான்டா குரூஸ் வரை கடலை ஒட்டி ரயில் போடக் கிளம்பினார்கள். ரயில் வரும் என்று காட்டி மனைகளை வெட்டி விற்றார்கள், பல மனைகள் வெறும் 25 அடி அகலம். எல் கிரனாடாவில் அரைவட்டமாக வளையும் தெருக்கள் இருக்கின்றன அல்லவா, அவை சிகாகோ நகரத் திட்டம் போட்ட டேனியல் பர்னம் வரைந்தவை. 1906 பூகம்பத்தில் பாதை சரிந்தது. ரயில் சான்டா குரூஸைத் தொடவே இல்லை, 1920இல் மூடிவிட்டார்கள். மனைகள் மட்டும் காகிதத்தில் அப்படியே தங்கிவிட்டன. 25 அடி மனையில் பக்கத்துக்கு ஐந்தடி விட்டால் மிச்சம் 15 அடி, ஒரு ரயில் பெட்டியைக் கொஞ்சம் அகலப்படுத்தியது போல. அதில் மூன்று மாடி எழுப்ப ஆள் இருந்தால் பக்கத்து வீட்டுக்கு வெயிலே வராது. இந்தக் கடற்கரையில் வருடம் பாதி பனிமூட்டம், வருகிற கொஞ்ச வெயிலுக்குத்தான் இந்தச் சண்டை எல்லாம். ஈரக்காற்று, உங்கள் 50 அடி மனையும் இரண்டு 25 சேர்ந்ததாகத்தான் இருக்கும், பத்திரத்தைப் பாருங்கள்.

மேட்டுத்தெரு (செவ்வாய், காலை 11:45)

கேள்விக்குறி தம்பி, மாஸ் பீச்சில் கடலைப் பார்த்த காலி மனை என்றதும் வயிற்றில் புளி கரைந்தது, அதனால் எழுதுகிறேன்.

நான் பசிபிகாவில் இருக்கிறேன், கடலிலிருந்து நாலு தெரு உள்ளே. 1997-98 எல் நீன்யோ குளிர்காலத்தில், கடலோர மேட்டின் விளிம்பில் இருக்கும் எஸ்பிளனேட் தெருவில் வீடுகள் போயின. 2009-10இல் அதே தெருவில் இருந்த அடுக்குமாடிகளில் ஆட்களை வெளியேற்றினார்கள். 2016 ஜனவரியில் அடுத்த கட்டடத்துக்கும் சிவப்பு நோட்டீஸ் ஒட்டினார்கள். மேட்டு விளிம்பு பால்கனிக்கு நேர் கீழே வந்துவிட்டது. மக்கள் மெத்தையையும் தொலைக்காட்சியையும் தூக்கிக்கொண்டு இறங்கியதை நான் அங்கே நின்று பார்த்தேன். அப்புறம் கட்டடத்தையே இடித்தார்கள். கட்டும்போது அதற்கும் கடலுக்கும் நடுவே தாராளமாக நிலம் இருந்திருக்கிறது. கட்டடம் நகரவில்லை, விளிம்புதான் வந்துகொண்டே இருந்தது.

கேள்விக்குறி (செவ்வாய், மதியம் 1:15)

பயமுறுத்தாதீர்கள் அக்கா. சரி, விளிம்பிலிருந்து எத்தனை அடி விட வேண்டும்? 25? 50? ஒரு எண் சொல்லுங்கள், விட்டுவிடுகிறேன். தேவைப்பட்டால் பிறகு தடுப்புச்சுவர் கட்டிக்கொள்கிறேன்.

வரைபலகை (செவ்வாய், இரவு 8:20)

ஒரு எண் கிடையாது, அதுதான் பதில். பக்கத்து வீட்டுக்கு விடும் ஐந்தடி அட்டவணையில் இருக்கிறது. கடலுக்கு விடும் அடி உங்கள் மண்ணில் இருக்கிறது.

கவுன்டியின் கடற்கரைத் திட்டத்தில் சொல்லியிருப்பது இது: மேட்டின் மேல் கட்டும் வீடு, அதன் பொருளாதார ஆயுள் முழுக்க, குறைந்தது 50 வருடம், ஆட்டம் காணாமல் நிற்கும்படி தள்ளிக் கட்ட வேண்டும். அதை நிரூபிப்பது உங்கள் வேலை. மண்ணியல் வல்லுநர் வந்து துளை போட்டு, பழைய விமானப் படங்களை வைத்து வருடத்துக்கு எவ்வளவு அரிக்கிறது என்று பார்ப்பார். ஒரு பேச்சுக்கு வருடத்துக்கு ஓரடி என்று வைத்துக்கொள்ளுங்கள், 50 அடி அதற்கே போய்விடும். 50ஆம் வருடக் கடைசியில் வீடு விளிம்பில் தொங்கக் கூடாது என்பதால் சரிவு நிலைத்து நிற்க அதற்கு மேலும் இடம் வேண்டும்.

எவ்வளவு தூரம் வரை ஆராய வேண்டும் என்பதற்கும் ஒரு வரைகணக்கு உண்டு. மேட்டின் அடிவாரத்திலிருந்து 20 டிகிரி சாய்வில் உள்பக்கமாக ஒரு கோடு இழுத்தால் அது தரையைத் தொடும் இடம், அல்லது விளிம்பிலிருந்து 50 அடி, இரண்டில் எது அதிகமோ அதுவரை. செங்குத்தான 60 அடி மேடு என்றால் அந்தக் கோடு சுமார் 165 அடி உள்ளே போகும். இதைப் பலர் செட்பேக் என்று நினைத்துப் பதறுவார்கள். இது ஆராய வேண்டிய பகுதி மட்டும். ஆனால் உங்கள் மனை முழுக்க அதற்குள் விழுந்தால் நான் அந்த மனையை வாங்க மாட்டேன். அதிலும் மாஸ் பீச்சில் சீல் கோவ் பக்கம் என்றால் பூமிப் பிளவு வேறு குறுக்கே ஓடுகிறது.

தடுப்புச்சுவர் ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள். 1976 கடற்கரைச் சட்டப்படி புதிதாகக் கட்டும் வீடு பின்னாளில் தடுப்புச்சுவர் கேட்காத இடத்தில்தான் இருக்க வேண்டும். "ஏற்கெனவே இருக்கும்" கட்டடத்தைக் காக்கத்தான் சுவருக்கு அனுமதி. அந்த "ஏற்கெனவே" எந்தத் தேதியிலிருந்து என்பதில்தான் வருடக்கணக்கில் சண்டை. நம் ஹாஃப் மூன் பே மிராடா சாலையிலேயே நடந்தது. 1984இல் கட்டிய டவுன்ஹவுஸ்களுக்கு முன்னால் 2016 புயலில் மேடு சரிந்தது. உரிமையாளர்கள் 257 அடிச் சுவர் கேட்டார்கள், கடற்கரை ஆணையம் மறுத்தது. கீழ் நீதிமன்றம் உரிமையாளர்கள் பக்கம் நின்றது. 2024 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிவிட்டது: 1977 ஜனவரி 1க்கு முன்னால் இருந்தவை மட்டும்தான் "ஏற்கெனவே இருப்பவை". 1984க்கே இதுதான் கதி என்றால் நீங்கள் இனிமேல் கட்டப்போகும் வீட்டுக்கு?

நாகைக்காரன் (புதன், காலை 6:30)

இழைக்குக் கொஞ்சம் விலகல், மன்னிக்கவும். எங்கள் ஊரிலும் கேள்வி இதே கேள்விதான், கோடு மட்டும் வேறு. இந்தியாவின் கடலோரக் கட்டுமான விதியான சிஆர்இசட்டில் அளப்பது உயர் அலைக் கோட்டிலிருந்து. 2011 அறிவிப்பில் கிராமப்புறக் கடற்கரைக்கு 200 மீட்டர் கட்டக் கூடாத பகுதி. 2019இல் மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161க்கு மேல் உள்ள இடங்களுக்கு அதை 50 மீட்டராகக் குறைத்துவிட்டார்கள். கடல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் படித்துவிட்டா வருகிறது என்று எங்கள் தாத்தா கேட்டார். சுனாமியைப் பார்த்தவர் அவர். உங்கள் ஊரில் மனை மனையாக மண்ணைப் பார்த்து முடிவு செய்கிறார்கள் என்பது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

கேள்விக்குறி (புதன், காலை 9:00)

சரி, சரி. மண்ணியல் அறிக்கை திருப்தியாக வந்தால்தான் வாங்குவேன் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லி ஏஜென்டிடம் பேசியிருக்கிறேன். ஆனாலும் இந்தப் பக்கத்து ஐந்தடி விவகாரம் எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

ஃபாஸ்டர்_பையன் (புதன், மதியம் 12:30)

ஈரக்காற்று ப்ரோ, அறை சேர்ப்பதை விடுங்கள். பின்னால் தனியாக ஏடியூ போடுங்கள், அதாவது அதே மனையில் இரண்டாவதாக ஒரு சின்ன வீடு. மாநிலச் சட்டமே பக்கமும் பின்னும் நாலடி போதும் என்கிறது. அதற்கு மேல் எந்த ஊரும் கேட்க முடியாது.

வரைபலகை (புதன், மாலை 6:15)

பையன் சொல்வது சரி. நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன். 16 அடி உயரத்துக்குள் தனிக் கட்டடம், நாலடி விட்டால் செட்பேக்கைக் காட்டி மறுக்க முடியாது. பின்னால் 20 அடி என்ற கவுன்டி அளவும் இதற்குப் பொருந்தாது. அம்மாவுக்கும் படி ஏறும் வேலை இல்லை.

ஆனால் மூன்று விஷயம். ஒன்று, மாநில ஏடியூ சட்டம் கடற்கரைச் சட்டத்தைத் தள்ளி வைக்கவில்லை. நீங்கள் கடற்கரை மண்டலத்தில் இருப்பதால் அந்த அனுமதியும் தேவை.

இரண்டாவதில்தான் எல்லோரும் மாட்டுவார்கள். நாலடி என்பது மனை விதி. கட்டட விதி என்று இன்னொன்று இருக்கிறது, அது தீயைப் பார்க்கும். தீயணைப்புத் தெளிப்பான் இல்லாத கட்டடத்தில் எல்லைக்கோட்டுக்கு ஐந்தடிக்குள் வரும் சுவர் ஒரு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும். மூன்றிலிருந்து ஐந்தடிக்குள் என்றால் ஜன்னல் சுவரில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, மூன்றடிக்குள் ஜன்னலே கூடாது. கூரை நீட்டலுக்கும் அடியில் காப்பு கேட்பார்கள். உங்கள் வீடு 70களுடையது, தெளிப்பான் இருக்காது. பெரிய வீட்டில் கட்டாயம் இல்லையென்றால் ஏடியூவிலும் கட்டாயம் இல்லை, அது நல்லதுதான். ஆனால் சுவர்க்கணக்கு மாறிவிடும். நாலடிக்குப் பதில் ஐந்தடி விட்டால் இந்தத் தொல்லை கிடையாது. ஓரடிக்கு ஆசைப்பட வேண்டாம்.

மூன்று, பின்னால் ஓடை ஏதாவது போகிறதா? கவுன்டி கடற்கரைத் திட்டத்தில் வருடம் முழுக்க ஓடும் ஓடைக்கு 50 அடி, மழைக்காலத்தில் மட்டும் ஓடுவதற்கு 30 அடி. தண்ணீரிலிருந்து இல்லை, கரையோரச் செடிகொடிகள் முடியும் இடத்திலிருந்து. வில்லோ மரம் நாலு படர்ந்து வந்திருந்தால் கோடும் அதோடு வந்துவிடும். ஈரநிலம் என்றால் 100 அடி.

ஈரக்காற்று (புதன், இரவு 11:00)

ஓடை இல்லை. நாளைக்கே சர்வேயரைக் கூப்பிடுகிறேன்.

ஈரக்காற்று (ஐந்து வாரம் கழித்து, சனி, மாலை 4:45)

நிலவரம் சொல்ல வந்தேன். சர்வேயர் வந்து அரை நாள் தோண்டிப் பின்பக்க மூலையில் குழாயைக் கண்டுபிடித்தார். வரைபலகை அண்ணா, உங்கள் வாய்க்கு சர்க்கரை. வலது பக்க வேலி உண்மையான எல்லையிலிருந்து 20 அங்குலம் தள்ளி, பக்கத்து வீட்டுக்காரர் மண்ணில் நிற்கிறது. அதாவது என்னுடைய பத்தடி, பத்தடியே இல்லை, எட்டடி நாலு அங்குலம். ஒப்பந்தக்காரர் படப்படி கட்டியிருந்தால் சுவர் எல்லைக்கு மூன்றடி நாலு அங்குலத்தில் நின்றிருக்கும். முன்பணத்தில் பாதி திரும்பி வந்தது, மீதிக்கு வழக்கு போட எனக்குத் தெம்பு இல்லை.

இரண்டு பக்கமும் கூட்டினால் 15 இல்லையே, வீடு விதிமீறலா என்று பதறிப் போனேன். பழைய விதியில் முறைப்படி கட்டியது, அப்படியே இருக்கலாம், அந்தக் குறையைப் பெரிதாக்கும் எதையும் சேர்க்கக் கூடாது என்று பிளானிங் கவுண்டரில் பொறுமையாக விளக்கினார்கள்.

பின்னால் 480 சதுர அடியில் ஏடியூ வரைந்தாகிவிட்டது. எல்லையிலிருந்து ஐந்தடி, அதாவது வேலியிலிருந்து ஆறடி எட்டு அங்குலம். அம்மாவுக்குப் பெரிய ஜன்னல் வைக்க முடிந்தது. ஈசான மூலையில் பாரத்தை ஏற்றாதே என்று அப்பா அங்கிருந்து வாட்ஸ்அப்பில் வாஸ்துப் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறார். அவருக்கு நான் தனியாக வேரியன்ஸ் போட வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர். வேலி உளுத்துப்போகும்போது சரியான இடத்தில் சேர்ந்து நடுவோம், அதுவரை இருக்கட்டும் என்கிறார். அப்பாவோ, "பன்னிரண்டு வருடம் அனுபவித்தால் அந்த 20 அங்குலம் நமக்குத்தான்டா, வாயைத் திறக்காதே" என்கிறார். இங்கே அப்படி உண்டா?

வரைபலகை (சனி, இரவு 7:30)

பன்னிரண்டு நம் ஊர்க் கணக்கு. கலிபோர்னியாவில் ஐந்தே வருடம், ஆனால் அந்தத் துண்டு நிலத்துக்கும் சேர்த்து நீங்கள் சொத்து வரி கட்டியிருக்க வேண்டும். 20 அங்குலத்துக்கு வரி கட்டியிருக்கிறீர்களா?

ஈரக்காற்று (சனி, இரவு 7:52)

இல்லை. அப்பாவிடம் சொன்னேன். "வரி எவ்வளவு வரும், கேட்டுச் சொல்" என்கிறார்.